பொன்னி வைத்த பெயர்

எங்கள் வீட்டில் யாராவது டிவியைப் போட்டால் என் நாத்தனார் பொன்னி எழுந்துவிடுவாள். செய்தியோ பாட்டோ, எதுவானாலும் சரி. ரிமோட்டைக் கையில் எடுத்ததைப் பார்த்தாலே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கே வேலை இல்லையென்றால் கழுவிக் கவிழ்த்திருக்கிற பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுவாள். வீட்டுக்கு வந்தவர்கள், "சும்மா ஒக்காரவே தெரியாது இந்தப் பொண்ணுக்கு" என்று மெச்சுவார்கள். பல வருஷம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொன்னி என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கம்மாபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், தங்கிவிட்ட குடும்பம். என் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனி வண்டி ஓட்டுகிறார். பொன்னியைக் காட்டுமன்னார்கோயிலில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சாமிக்கண்ணுக்கு ரைஸ்மில்லில் வேலை. சில வருஷம் போயும் குழந்தை இல்லை. ஒரு நாள் காலையில் மாமியார்க்காரி அவளைச் சிதம்பரம் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "ஒங்கண்ணன் வூட்டுல கொஞ்ச நாளு இருந்துட்டு வா" என்றிருக்கிறாள். அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை. சாமிக்கண்ணுக்கு வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். சீராகக் கொடுத்த பித்தளைத் தவலைகூடத் திரும்பி வரவில்லை.

என் வீட்டுக்காரர் போய் நாலு பேரை வைத்துக் கேட்கிறேன் என்று கிளம்பினார். பொன்னிதான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாண்ணே. நான் என்னா தப்பு பண்ணேன்னு கேட்டா, அவுங்க எதையாவது சொல்லிடுவாங்க."

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நான் அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்தேன். புதுசாக வந்தவளுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, யாரிடமோ சொல்லி வைத்துச் சிதம்பரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். படிக்கிற பெண்களும் வேலைக்குப் போகிற பெண்களும் தங்கியிருக்கிற இடம். பின்கட்டில் அவளுக்கும் ஒரு அறை கொடுத்தார்கள். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூருக்கு வருவாள். வந்தால் கத்தரிக்காய் கொத்சு வைப்பாள். சாயங்காலம் கிளம்பிவிடுவாள். ராத்திரி தங்கச் சொன்னால், "காலையில மாவு ஆட்டணும் அண்ணி" என்பாள்.

எங்களுக்கும் ரொம்ப நாள் கழித்துத்தான் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. மக நட்சத்திரம்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் குழந்தைக்குப் பெயர் வைப்பது அத்தையின் உரிமை. அம்மாவும் அப்பாவும் பெயரைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. அத்தைதான் யோசித்து வைத்துக்கொண்டு வருவாள். யாரிடமும் முன்னால் சொல்லமாட்டாள். குழந்தையை மடியில் போட்டு, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, ஒரு காதை வெற்றிலையால் மூடி, இன்னொரு காதில் மூன்று முறை சொல்லுவாள். அதற்குப் பிறகுதான் பெற்றவர்களுக்கே பெயர் தெரியும். அப்படிச் சொன்ன பெயரை மாற்றக்கூடாது. மாற்றினால் அந்த அத்தையோடு உறவை முறித்துக்கொண்டதாக அர்த்தம். அவர்கள் சொந்தத்தில் நிலத்தகராறு வந்து ஒரு வீட்டில் அப்படி மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த அத்தை செத்ததற்குக்கூட அவர்கள் போகவில்லையாம்.

என் அக்கா லோகநாயகி மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிறாள். பெயர் வைக்கிற அன்று முதல் ஆளாக வந்துவிட்டாள். வந்ததும் என் காதோரம் குனிந்து, "ஏண்டி, புள்ள பெக்காதவ மடியில போட்டா பேரு வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள். மெதுவாகக் கேட்டதாக அவள் நினைப்பு. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. பொன்னி வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

என் வீட்டுக்காரர், "எந்தங்கச்சி இருக்கும்போது வேற எவ அத்தை?" என்றார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

பொன்னி புதுப்புடவை கட்டியிருந்தாள். அரக்கில் மஞ்சள் கரை. அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குழந்தையை வாங்கி மடியில் போட்டு, வெற்றிலையை வைத்து, குனிந்து சொன்னாள்.

"மிருணாளினி. மிருணாளினி. மிருணாளினி."

எனக்கு அந்தப் பெயர் புதுசு. வாயில் நுழையக் கஷ்டமாக இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எங்கள் வீட்டு டிவி ரிப்பேராகிக் கிடந்த நேரம் அது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எதிர்வீட்டுப் பெண் வாயாலேயே ஒரு மியூசிக் போட்டாள். "டட்டடாங்... டட்டடாங்..." அவ்வளவுதான், பெண்கள் கூட்டம் மொத்தமும் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

"அய்யய்ய, எட்டரை மணி சீரியல்ல வர்றவ பேராச்சே இது!" என்றாள் லோகநாயகி. "பொறந்த வூட்டுக்குத் திரும்பி வந்து ஒக்காந்துக்கிட்டு, அண்ணன் பொண்டாட்டிய வெரட்டப் பாக்குறாளே, அந்த நாத்தனாக்காரி! இந்த வாரம்கூட மாசமா இருக்கறவ விழட்டும்னு படியில எண்ணெய ஊத்தினா. அவ வந்தா இந்த மியூசிக்தான் போடுவாங்க."

"நாத்தனாரு சொல்லாம சொல்லிட்டா போலருக்கு" என்றது இன்னொரு குரல்.

பொன்னியின் முகம் சுண்டிப்போனது.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். "எங்க ஹாஸ்டல்ல டிவியே கெடையாது. அங்க ஒரு பொண்ணு தங்கியிருந்துச்சு. டாக்டருக்குப் படிச்சுது. அது பேரு. நல்லாருக்கேன்னுதான்..."

சிரிப்பு அடங்கி, "அய்யோ பாவம்" வந்தது. தெரியாமல் வைத்துவிட்டாள், அவள் என்ன செய்வாள், சீரியலா பார்க்கிறாள் என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். பொன்னி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள். அன்று சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது.

மாற்றக்கூடாத பெயர் என்பதால் அப்படியே இருந்தது. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. நான் அம்மு என்றேன், எல்லாரும் அம்மு என்றார்கள். தெருவில் மட்டும் அந்த மியூசிக் நிற்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் யாராவது "டட்டடாங்" என்பார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனால் எனக்கு முகம் காந்தும். நான் பதில் பேசத் தெரியாதவள். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன். யாராவது என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "அது ஒண்ணும் தெரியாத பொண்ணுங்க. தெரியாம வச்சிடுச்சு" என்பார். ஐஸ் கம்பெனியில் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பாரோ.

அம்முவுக்கு ஐந்து வயது நடக்கும்போது, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் மொட்டை அடித்துக் காது குத்திவிடலாம் என்று முடிவு செய்தோம். பிறப்புச் சான்றிதழில் அதுவரை பெயர் எழுதாமலே விட்டிருந்தோம். அதையும் எழுதியாக வேண்டும். காதுகுத்துக்கு அத்தையை நேரில் போய் அழைப்பதுதான் முறை. நானும் அம்முவும் வெற்றிலை பாக்கு பூ பழத்தோடு சிதம்பரம் போனோம். எந்த நாள் வருவோம் என்று சொல்லவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஹாஸ்டல் வாசலில் செருப்பு நிறைய கிடந்தது. உள்ளே டிவி சத்தம் கேட்டது. டிவியே கிடையாது என்றாளே என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

கூடத்தில் பெரிய டிவி. ராத்திரி போட்ட சீரியலை மத்தியானம் திரும்பப் போடுவார்களே, அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் தலையணையைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், டிவிக்கு நேர் எதிரே பொன்னி உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி.

"டட்டடாங்" என்றது டிவி.

"பொன்னிக்கா, ஒங்காளு வந்துட்டா!" என்று கத்தினாள் ஒருத்தி.

"சத்தம் போடாதடி. இப்ப பாரு, என்னா கேக்குறான்னு."

பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக ஒருத்தி படியில் இறங்கி வந்தாள். "இது நான் பிறந்த வீடு. என்னை வெளியே போகச் சொல்ல இங்கே யாருக்குத் தைரியம்?" என்றாள். பொன்னி அதைக் கூடவே சொன்னாள். ஒரு சொல் விடாமல், அதே ஏற்ற இறக்கத்தோடு. பொன்னியின் தாடை மேலே தூக்கியிருந்தது. டிவியில் அவள் கையை நீட்டியபோது இவளும் கரண்டியோடு நீட்டினாள். பெண்கள் கைதட்டினார்கள்.

நான் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அம்மு, "அத்தே!" என்று ஓடிவிட்டாள்.

"அய், இதுதானா ஒங்க மருமவ?" என்று ஒரு பெண் அம்முவின் கன்னத்தைக் கிள்ளினாள். "நீதான் மிருணாளினியா? ஒனக்கு அந்தப் பேரு வச்சிட்டு வந்து ஒங்க அத்தை ஹாஸ்டலுக்கே பாயாசம் போட்டாங்க, தெரியுமா? சீனியர் அக்கா சொல்லியிருக்காங்க."

பொன்னி என்னைப் பார்த்துவிட்டாள். கரண்டியைப் புடவையில் மறைத்தாள். அதை ஏன் மறைத்தாள் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் எனக்கு மோர் கொடுத்தாள். அம்மு கூடத்தில் அந்தப் பெண்களோடு இருந்தாள். அவளாகத்தான் பேசினாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"அவளும் என்ன மாரி திரும்பி வந்தவதான் அண்ணி. ஆனா ஒரு நாளாவது தல குனிஞ்சு பாத்திருக்கீங்களா அவள? அவ்ளோ கெட்டது பண்றா. அப்பயும் அந்த வூட்டுலதான் ஒக்காந்திருக்கா. யாராலயும் வெளிய போன்னு சொல்ல முடியல. நான் ஒண்ணுமே பண்ணல அண்ணி. ஒரு வார்த்த எதுத்துப் பேசினது கெடையாது."

அடுப்பு மேடையைத் துணியால் துடைத்தாள்.

"நம்ம புள்ளையையும் யாரும் வெளிய போன்னு சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன். அதுக்குத்தான். படியில எண்ணெய ஊத்துறதெல்லாம் நான் பாக்கமாட்டேன். அப்ப கண்ண மூடிக்குவேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. பயந்து போயி தெரியாதுன்னுட்டேன். கொழந்த காதுல பேரு சொன்ன வாயால, அடுத்த நிமிஷமே பொய் சொல்லிட்டேன். அதுலேருந்து ஒங்க வூட்டுல டிவியப் போட்டாலே எனக்குக் கைகாலு ஒதறும். வாயில ஏதாவது வந்துடுமோன்னு."

வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்து நீட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டில் சொல்லமாட்டேன் என்று நான் சொன்னேனா, சொல்லவில்லையா என்று நினைவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்திருந்தேன்.

அந்த வாரமே லோகநாயகி அக்கா காதுகுத்து விஷயம் பேச வந்தாள். அம்முவை முன்னால் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாள். மொட்டையடிக்கப் போகிற தலைக்கு எதற்கு என்று கேட்டால் அவளுக்குப் பிடிக்காது. என் வீட்டுக்காரரும் இருந்தார்.

"பெரிம்மா, சிதம்பரத்துல பெரிய டிவி இருக்கு" என்றாள் அம்மு. "அத்தைக்கு அந்த மிருணாளினிய ரொம்பப் புடிக்குமாம். அவள மாரியே பேசுச்சு. கைய இப்பிடி நீட்டுச்சு. எனக்குப் பேரு வச்சிட்டு எல்லாருக்கும் பாயாசம் குடுத்துச்சாம்."

அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப தெரிஞ்சேதான் வச்சிருக்கா" என்றாள் அக்கா. "கேட்டீங்களா தம்பி? அண்ணன் பொண்டாட்டிய வெரட்டுறவ பேரு. தெரிஞ்சே."

என் வீட்டுக்காரர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"பொன்னி, அந்தப் பேரு யாரு பேருன்னு ஒனக்கு அப்பவே தெரியுமா?"

பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"தெரியும்ணே."

"ஊரு பூரா நான் தெரியாம வச்சான்னு சொல்லிட்டிருக்கேனே. என்ன என்னான்னு நெனச்ச நீ?"

"மாத்திடுங்கண்ணே. எனக்கு வருத்தம் கெடையாது" என்றாள். போனை அவர்தான் வைத்தார்.

பொன்னி என்னிடம் சொன்ன காரணத்தை அன்று மாலை அவரிடம் சொன்னேன். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. "அதுக்குன்னு கொலகாரி பேரா கெடச்சுது?" என்றார். மாற்றினால் தங்கச்சியை அறுத்துவிட்டதாக ஆகாதா என்று கேட்டேன். "அவளேதான் மாத்தச் சொல்லிட்டாளே" என்றார். அதில் அவருக்கு ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மக நட்சத்திரத்துக்கு 'ம' எழுத்தில் வரவேண்டும் என்று அக்கா மகாலட்சுமி என்ற பெயரைச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. அந்தக் கூடத்தில் நானும்தான் இருந்தேன்.

காதுகுத்து கம்மாபுரம் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் நடந்தது. பொன்னி வரமாட்டாள் என்று நினைத்தோம். எங்களுக்கு முன்னாலேயே வந்து பொங்கல் பானைக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதே அரக்குப் புடவையைக் கட்டியிருந்தாள்.

காது குத்தி முடிந்ததும் லோகநாயகி அக்கா வெற்றிலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பூசாரி விடவில்லை.

"நீ யாரும்மா?"

"பெரிம்மா. புதுப்பேரு சொல்லணும்."

"பெரிம்மா சொல்ற வழக்கம் இங்க கெடையாது. அத்தை இல்லியா?"

எல்லாரும் அடுப்புப் பக்கம் பார்த்தோம். பொன்னி எழுந்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னா பேருண்ணே?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாள். மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. அவளுக்குச் சொல்ல மறந்திருந்தோம். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அம்மு காது வலியில் விசும்பிக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலை நிறையச் சந்தனம். பொன்னி அவளை மடியில் இழுத்துக்கொண்டு ஒரு காதை வெற்றிலையால் மூடினாள். புண்ணில் படாமல் மெதுவாக மூடினாள். குனிந்து மூன்று முறை சொன்னாள்.

"அத்தே, இது யாரு பேரு?" என்று அம்மு சத்தமாகக் கேட்டாள்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பொன்னியும் சிரித்தாள்.

"சாமி பேருடா" என்றாள்.

பிறகு பானையைப் பார்க்கப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் அன்று அவளோடு ஒரே வேனில் வரவில்லை. பந்தல் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். அங்கே பந்தல் எதுவும் போட்டிருக்கவில்லை.

அடுத்த வருஷம் கொரோனா வந்தது. ஷூட்டிங் இல்லையென்று அந்த சீரியலை நிறுத்தினார்கள். திரும்ப ஆரம்பிக்கவேயில்லை. எட்டரை மணிக்கு வேறு கதை வந்தது, வேறு வில்லி வந்தாள். இப்போது எங்கள் தெருவில் மிருணாளினி என்று சொன்னால் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒருநாள் நானே கேட்டுப் பார்த்தேன். "யாருக்கா அது, ஒங்க சொந்தமா?" என்றாள்.

மகாலட்சுமி இப்போது ஆறாவது படிக்கிறாள். அவள் வகுப்பில் இன்னும் இரண்டு மகாலட்சுமிகள் இருக்கிறார்கள். பொன்னி சிதம்பரத்தில் அதே ஹாஸ்டலில்தான் சமைக்கிறாள். என் வீட்டுக்காரர் அவளோடு பேசுகிறார், சண்டை ஒன்றும் இல்லை. அவள்தான் முன்னைப்போல் அடிக்கடி வருவதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறாள். குழந்தையை அவள் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.